மருமகள் வேண்டும், சம்பந்தி வேண்டாம்

அசாம், மேற்கு வங்கம், பீகார், ஜார்கண்ட், ஒடிசா மாநிலங்களிலிருந்து மணமுடித்துக் கொண்டுவரப்படும் பெண்களைக் குறிக்க ஹரியானா கிராமங்களில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று 'மோல்கி'. மோல் என்றால் விலை. விலைக்கு வாங்கப்பட்டவள் என்று பொருள். இன்னொன்று மேவாத் பகுதியில் வழங்கும் 'பாரோ'. அக்கரையிலிருந்து வந்தவள். இருபது ஆண்டுகள் அந்த வீட்டில் வாழ்ந்து, எருமைக்குத் தீவனம் வெட்டி, வரட்டி தட்டி, கோதுமை அறுத்து, நான்கு பிள்ளைகளைப் பெற்ற பிறகும் ஊருக்கு அவர் மோல்கிதான். அவருடைய பிள்ளைகள் மோல்கியின் பிள்ளைகள்தான்.

இந்தத் திருமணங்களைப் பற்றிப் பேசினால், நம் தோழர்களில் சிலர் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "சாதி பார்க்காமல், மொழி பார்க்காமல், மாநிலம் தாண்டிக் கட்டுகிறார்களே, இது நல்லதுதானே? சாதி தானாகவே தளர்கிறதே?"

நியாயமான கேள்விதான். 1936இல் வெளிவந்த 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் கலப்பு மணத்தைத்தான் உண்மையான மருந்து என்றார். ஆனால் ஏன் அப்படிச் சொன்னார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரத்தம் கலந்தால்தான் உறவினர் என்ற உணர்வு பிறக்கும். அந்த உணர்வு பிறக்காதவரை சாதி உண்டாக்கிய அந்நியத்தன்மை ஒழியாது என்பது அவருடைய வாதம். ஆகவே ஒரு திருமணம் சாதியை உடைக்கிறதா என்று அறிய, மாப்பிள்ளையும் பெண்ணும் எந்தெந்தச் சாதி என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்தத் திருமணத்தால் இரண்டு குடும்பங்கள் உறவாகினவா என்று பார்க்க வேண்டும். தூரத்துப் பெண்ணைக் கொண்டுவரும் இந்த வழக்கம், உறவே உண்டாகாமல் பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்ள ஆதிக்க சாதிகள் கண்டுபிடித்த வழி என்பதே என் கருத்து.

இதைப் புரிந்துகொள்ள இன்னும் இருபது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 1916 மே மாதம், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது மாணவராக இருந்த அம்பேத்கர் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசித்தார். சாதியின் உயிர் அகமண முறையில் இருக்கிறது என்று அதில் நிறுவினார். ஒரு குழு தனக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டுமென்றால் மணவயது ஆண்களும் பெண்களும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். கணவன் இறந்தால் ஒரு 'உபரிப் பெண்'. மனைவி இறந்தால் ஓர் 'உபரி ஆண்'. இருவரும் வெளியே துணை தேடிப் போனால் சாதி உடையும். எனவே உபரிப் பெண்ணை உடன்கட்டை ஏற்றினார்கள், அல்லது கைம்பெண்ணாக முடக்கினார்கள். உபரி ஆணை எரிக்க முடியாது, ஏனென்றால் அவன் ஆண். அவனுக்காக இன்னும் மணவயதை எட்டாத சிறுமி தேடப்பட்டாள்.

இன்று ஹரியானாவில் உபரி ஆண்களை உண்டாக்குவது மனைவியின் மரணம் மட்டுமல்ல. மகளின் பிறப்பைத் தடுப்பதும் சேர்ந்துகொண்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்கு 834 பெண் குழந்தைகளே இருந்தனர். கருவிலேயே பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் 1994லேயே வந்துவிட்டது. வந்தும் இந்த நிலை. நிலம் மகனுக்கு, வரதட்சணைச் செலவு மகளுக்கு என்று கணக்குப் போட்ட குடும்பங்கள் ஒரு தலைமுறை கழித்து மகனுக்குப் பெண் இல்லை என்று நிற்கின்றன.

அரசியல்வாதிகளுக்கு இது வாக்கு. 2014இல் பாஜக தலைவர் ஓ.பி. தன்கர், ஹரியானா இளைஞர்களுக்குப் பீகாரிலிருந்து பெண் கொண்டுவருவோம் என்று பேசினார். 2019 ஆகஸ்டில் காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து பறிக்கப்பட்ட சில நாட்களில், அன்றைய முதல்வர் மனோகர் லால் கட்டார் அதே பேச்சை நினைவூட்டி, இனி காஷ்மீரிலிருந்தும் பெண் கொண்டுவரலாம் என்கிறார்கள் என்று மேடையில் சொன்னார். 2023இல் அவருடைய அரசு, மணமாகாத 45 முதல் 60 வயதுடைய ஏழைகளுக்கும் மனைவியை இழந்த ஆண்களுக்கும் மாதம் 2,750 ரூபாய் ஓய்வூதியம் அறிவித்தது. ஏழைக்கு உதவித்தொகை கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அம்பேத்கர் சொன்ன உபரி ஆண், நூறாண்டு கழித்து அரசாணையில் பயனாளியாக நிற்கிறான் என்பதைக் கவனியுங்கள்.

இதே ஹரியானாவில்தான் 2007இல், ஒரே கோத்திரத்தில் மணமுடித்ததற்காகக் கைத்தல் மாவட்டத்து மனோஜும் பப்லியும் கொல்லப்பட்டார்கள். மகள் தானே தேர்ந்தெடுத்தால் கோத்திரம் வரை துருவும் காப் பஞ்சாயத்துகள், அசாமிலிருந்து வரும் பெண்ணின் சாதியை ஏன் துருவுவதில்லை?

காரணம் தூரம். பக்கத்துச் சேரிப் பெண்ணைக் கட்டினால் அவளுடைய அப்பா மாமனார் ஆகிவிடுவார். அண்ணன் மச்சான் ஆகிவிடுவான். திருவிழாவுக்கு அழைக்க வேண்டும், கட்டிலில் சமமாக உட்கார வைக்க வேண்டும், மகளை அடித்தால் ஏனென்று கேட்க அவர்கள் வருவார்கள். 1500 கிலோமீட்டர் தாண்டி வந்த பெண்ணுக்குக் கேட்க யாரும் இல்லை. ரயில் செலவுக்கே அவள் வீட்டில் பணம் இல்லை. அவள் என்ன சாதி என்று ஊர் கேட்டால், "நம்ம மாதிரிதான்" என்று கணவன் வீடு ஒரு பதிலைச் சொல்லும். அவளும் அதையே சொல்லக் கற்றுக்கொள்வாள். ஊர் நம்பியது போல் நடிக்கும். சண்டை வரும் நாளில் மட்டும் "எந்தச் சாதியில் பிறந்ததோ" என்று நினைவுபடுத்தும்.

சட்டமும் இங்கே ஒரு கொடுமையான வேலையைச் செய்கிறது. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கே இடஒதுக்கீடு கோர முடியாது என்பது உச்ச நீதிமன்றம் வகுத்த நிலை. வங்காளத்துத் தலித் பெண்ணின் சாதிச் சான்றிதழ் ஹரியானாவில் இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. அவளுடைய சாதி மட்டும் அடுப்படியில் செல்லும்.

இதையெல்லாம் வடநாட்டுக் கதையாக நாம் ஒதுக்கிவிட முடியாது. மலபாரின் ஏழைக் குடும்பங்கள் 'ஹரியானா கல்யாணம்' என்ற சொல்லை அறியும். அதே கேரளத்தின் பாலக்காட்டுப் பக்கமிருந்து கொங்கு மண்டலத்துக்குப் பெண் எடுக்கும் வழக்கமும் வளர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டின் மொத்தக் கணக்கு ஹரியானாவைவிட மேல்தான், 2011இல் 943. ஆனால் 2001இல் சேலம் மாவட்டத்தில் அது 851 ஆக இருந்தது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்டது சும்மா அல்ல. இன்னொரு காரணமும் உண்டு. படித்த பெண்கள் தோட்டத்து வீட்டில் மாட்டுச் சாணம் அள்ளும் வாழ்க்கையை மறுக்கிறார்கள். அது அவர்கள் உரிமை. அதைக் குறை சொல்ல யாருக்கும் தகுதி இல்லை.

என் அம்மா கொங்கு மண்டலத்தில் மஞ்சள் காட்டிலும் தென்னந்தோப்பிலும் கூலி வேலை செய்தவர். அருந்ததியர். அவர் வேலைக்குப் போன ஒரு கவுண்டர் வீட்டில், பத்து வருடம் ஜாதகம் பார்த்து ஓய்ந்த பிறகு பாலக்காட்டிலிருந்து ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கொங்குத் திருமணத்தில் முதல் கேள்வி "எந்தக் கூட்டம்?" என்பது. அந்தப் பெண்ணுக்குச் சொல்லக் கூட்டம் இல்லை. குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைக்கும் நாளில் அடுப்புப் பக்கம் அவரை விடுவதில்லை. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு அம்மா கேட்டதில்லை, 'மலையாளத்துக்காரி'தான். "அந்தப் புள்ள ஊட்டுக்குள்ள இருந்துக்கிட்டே வெளிய நிக்குது" என்பார் அம்மா.

அதே அம்மா இன்னொன்றும் சொல்வார். வந்த மூன்றே மாதத்தில் அந்தப் பெண், கூலிக்கு வந்தவர்களுக்கு எந்த டம்ளரில் டீ ஊற்ற வேண்டும் என்று கற்றுக்கொண்டார். இதில் எனக்கு வியப்பில்லை. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை வேலை செய்வதே இப்படித்தான். மேலே இருப்பவர் உன்னைத் தள்ளும்போது, உனக்குக் கீழே ஒருவரைக் காட்டி ஆறுதல் தரும். மாமியாரிடம் தானும் இந்த வீட்டுப் பெண்தான் என்று நிரூபிக்க அவருக்குக் கிடைத்த ஒரே வழி என் அம்மாவின் தனி டம்ளர். ஆகவே அவரைப் பாவப்பட்ட பெண்ணாக மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. எதிரியாக எழுதவும் முடியவில்லை. அவரைத் தள்ளி நிறுத்தும் அதே வீடுதான் எங்களையும் தள்ளி நிறுத்துகிறது.

இந்தக் கொங்கு மண்ணில்தான் 2015இல் கோகுல்ராஜ் கொல்லப்பட்டார். பொறியியல் படித்த தலித் இளைஞர். உடன் படித்த கவுண்டர் பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். அது போதுமானதாக இருந்தது. தூரத்துப் பெண் மருமகளாக வரலாம், உள்ளூர்த் தலித் மருமகனாக வரக்கூடாது. வரும் பெண் வீட்டின் சொத்து. போகும் மகள் சாதியின் சொத்து. இரண்டும் ஒரே சட்டத்தின் இரண்டு பிரிவுகள்.

இந்தத் திருமணங்கள் எல்லாமே ஆள்கடத்தல் என்று நான் சொல்லவில்லை. தரகர்கள் ஏமாற்றி விற்ற பெண்களும் இருக்கிறார்கள். வரதட்சணை கேட்காத மாப்பிள்ளை என்பதால் பெற்றோரே மனமுவந்து கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். அன்பான கணவரோடு வாழ்பவர்களும் இருக்கிறார்கள். எல்லாரையும் 'மீட்கிறோம்' என்று கிளம்பினால் அதுவும் அவர்களுக்கு அவமானம்தான். அவர்களுக்கு வேண்டியது இருக்கும் இடத்தில் உரிமை.

முதலில் ஆவணம். எல்லாத் திருமணங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னது; தமிழ்நாட்டில் 2009இல் சட்டமே வந்தது. பதிவில்லாத திருமணத்தில், கணவன் இறந்த மறுநாள் அவள் யாரோ ஒருத்தி. அடுத்து நிலம். பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. பட்டாவில் பெயர் இருக்கும் பெண்ணை 'வந்தவள்' என்று சொல்வது கடினம். மூன்றாவதாக, மகள்களின் தேர்வு. ஆணவக் கொலைகளுக்கு எதிராகத் தனிச்சட்டம் கேட்கும் நாம், இந்த மருமகள்களின் பாதுகாப்பையும் அந்தக் கோரிக்கையோடு சேர்த்தே பேச வேண்டும். தன் மகள் யாரையும் தேர்ந்தெடுக்கலாம் என்று ஏற்கும் வீட்டில்தான் வெளியிலிருந்து வந்த மருமகளும் மனுஷியாக இருக்க முடியும்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் விடுமுறைக்கு ஊருக்குப் போவீர்கள். சாதி பார்க்காமல் பெண் எடுத்தோம் என்று பெருமை பேசும் வீடு ஒன்றாவது உங்கள் சொந்தத்தில் இருக்கும். அந்த வீட்டில் மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்த அக்காவின் பெயர் என்ன? அவருடைய அம்மா அப்பா கடைசியாக எப்போது இந்த வீட்டில் சாப்பிட்டார்கள்? உங்கள் மகளும் சாதி பார்க்காமல் கட்டிக்கொள்ளலாமா? மூன்றாவது கேள்விக்கு வீடு அமைதியாகிவிட்டால், அங்கே தளர்ந்தது சாதி அல்ல.