கூட யாரும் வரலைன்னா அட்மிஷன் கிடையாதா?

காலேஜ்ல என் ரூம்மேட் ஒருத்தனுக்கு பைபோலார் நோய். தொடர்ந்து ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சுன்னா அடுத்து என்ன நடக்கும்னு நம்ம எல்லாருக்கும் முன்னாடி அவனுக்குத் தெரியும். அப்படி ஒருநாள் அவனே பையை எடுத்துக்கிட்டு மருத்துவமனைக்குப் போனான். "வீட்ல இருந்து யாராவது வந்து கையெழுத்துப் போட்டாத்தான் சேர்ப்போம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நாலாம் நாள் அதே மருத்துவமனைக்கு அவனைக் கை, காலைப் பிடித்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போனோம். அந்த நாலு பேரில் நானும் ஒருவன்.

சட்டம் என்ன சொல்கிறது? மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 86-ஐப் பாருங்கள். 18 வயது நிரம்பியவர் தானாக வந்து கேட்கலாம். அவருக்கு முடிவெடுக்கும் தெளிவு இருக்கிறது, சேர்க்கை தேவை என்று மருத்துவர் கருதினால் போதும். உறவினர் சம்மதம் வேண்டாம், கூட வரவும் வேண்டாம். அவர் ஒப்புதல் இல்லாமல் சிகிச்சையும் தரக்கூடாது. பிரிவு 5-ன்படி, நலமாக இருக்கும்போதே எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதியும் வைக்கலாம்.

"மனநோயாளி எப்படிங்க முடிவெடுப்பாரு?" என்று கேட்பவர்களுக்கு: நார்வே, ஸ்வீடன் நாடுகளில் சில மருத்துவமனைகள் நோயாளியோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போடுகின்றன. நிலைமை மோசமாகும் முன் அவரே வந்து சில நாட்கள் தங்கலாம், அவரே கிளம்பலாம். அங்கே முடியுது, இங்கே ஏன் முடியாது?

ஏர்வாடியை மறந்துட்டோமா? 2001 ஆகஸ்ட் 6. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் தீயில் இருந்து ஓடக்கூட முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். இருப்பதா, கிளம்புவதா என்ற முடிவு அவர்கள் கையில் இல்லை. இன்று சங்கிலிக்குச் சட்டப்படி தடை இருக்கிறது. ஆனால் தானாக வந்து கதவைத் தட்டுபவரைத் திருப்பி அனுப்பினால், அவரை மறுபடியும் பலவந்தத்திடம்தான் ஒப்படைக்கிறோம்.

நம் கோரிக்கை ரெண்டே ரெண்டு. மனநலச் சிகிச்சை தரும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் பிரிவு 86-ஐத் தமிழில் எழுதி வாசலில் வையுங்கள். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும், தானாக வருபவர்களுக்கென்று சில படுக்கைகளை ஒதுக்குங்கள்.

உங்க வீட்லயும் ஒருத்தர் இருக்கலாம். அவர் "எனக்கு முடியல, என்னைச் சேர்த்துவிடு" என்று சொன்னால் நம்புங்க. உடனே பேச வேண்டுமானால் டெலி மானஸ் எண் 14416, கட்டணம் கிடையாது.

படிச்சுட்டு நகர்ந்துடாதீங்க, பகிருங்கள்.

#மனநலம்_நம்_உரிமை