தேமல் என்று மறைக்காதீர். தீட்டு என்று ஒதுக்காதீர்!



நமது செமினி வட்டாரத்தில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. லயங்கள் போய் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. ஆனால் லயத்தில் இருந்த ஒரு பேச்சு மட்டும் நம்மோடு அடுக்குமாடிக்கும் குடிவந்துவிட்டது. ஒருவருக்குத் தொழுநோய் என்று காதில் விழுந்தால் போதும். "அந்த வீட்டுல தண்ணி வாங்கிக் குடிக்காதே", "அவங்க பிள்ளையோட நம்ம பிள்ளையச் சேர்க்காதே" என்று கிளம்பிவிடுகிறோம். இந்தப் பேச்சைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். சிலருக்குக் கசக்கும். மருந்தும் கசக்கத்தான் செய்யும்.

முதலில் நோயைப் பார்ப்போம். தொழுநோய் சாபமல்ல, செய்வினையல்ல, பூர்வஜென்ம பாவமும் அல்ல. அது ஒரு கிருமியால் வருவது. 1873-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். காசநோய்க் கிருமிக்கு இது உறவு. ஆனால் படு சோம்பேறி. உடம்பில் புகுந்து அடையாளம் காட்டவே சராசரி 5 ஆண்டுகள் ஆகும். சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகும். மருந்து சாப்பிடாத நோயாளியோடு நெடுங்காலம் நெருங்கி வாழ்கிறவர்களுக்கு, மூக்கிலும் வாயிலும் இருந்து வரும் நீர்த்துளிகள் வழியாகப் பரவுகிறது. கைகுலுக்கினால் ஒட்டாது. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒட்டாது. நூறு பேரில் ஏறக்குறைய 95 பேருக்கு இதை எதிர்த்து நிற்கும் சக்தி உடம்பிலேயே இருக்கிறது.

அப்படியானால் விரல் ஏன் குறைகிறது என்று கேட்பீர்கள். கிருமி விரலைத் தின்பதில்லை. அது நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டால் உணர்ச்சி போய்விடும். உணர்ச்சி போன கையில் மரம் வெட்டும் கத்தி பட்டாலும் தெரியாது, அடுப்புச் சட்டி சுட்டாலும் தெரியாது. செம்பனை முள் காலில் ஏறியிருக்கும். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றி ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். வலி இல்லையே என்று மறுநாளும் அதே காலோடு வேலைக்குப் போவார். புண் ஆழமாகிச் சீழ் வைத்து எலும்பு வரை போகும். வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியிலிருந்து ஆராய்ந்து காட்டிய உண்மை இது. மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் அவர் நிமிர்த்தியும் காட்டினார்.

மருந்துக்கும் குறைவில்லை. 1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. நோயின் அளவைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் நோய் குணமாகிவிடும். 1995 முதல் இம்மருந்து உலக நாடுகளுக்கு இலவசமாக வழங்கப்படுகிறது. மருந்தைத் தொடங்கிவிட்டால் பிறருக்குப் பரவும் பயமும் போய்விடும். ஆக, தொடக்கத்திலேயே கிளினிக்குக்குப் போனவருக்கு விரல் தப்பும். ஒளித்து வைத்து ஆண்டுகளைக் கடத்தியவருக்குத்தான் ஊனம். ஏன் ஒளிக்கிறார்? நமக்குப் பயந்து!

நமக்கு இந்தப் பயம் வந்த கதையும் பெரிது. அன்றைய அரசாங்கமே அதைக் கற்றுக்கொடுத்தது. 1926-ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைக்கச் சொன்னது. 1930-இல் சுங்கை பூலோ குடியிருப்பு திறக்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு டிரேவர்ஸ் சாலை தெரியும். அந்தப் பெயருக்கு உரிய டாக்டர் டிரேவர்ஸ்தான், நோயாளிகளைச் சிறைக் கைதிகள்போல் அடைக்கக்கூடாது, வீடும் தோட்டமுமாக வாழ விடவேண்டும் என்று வாதாடியவர். அந்த நல்ல எண்ணத்தில் எழுந்த இடத்திலும் வேலி இருந்தது. உள்ளே 2,000 பேருக்கு மேல் வாழ்ந்த காலம் உண்டு. அவர்கள் தொட்ட காசை வெளியார் தொடக்கூடாது என்று 1936-இல் தனி நோட்டே அச்சடித்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்துத் தத்துக் கொடுத்தார்கள். பெற்ற பிள்ளை எங்கே என்று தெரியாமலே முதுமை அடைந்தவர்கள் உண்டு.

பின்னர் காலம் மாறியது. மருந்து வந்தது, கட்டாயப் பிரிவினை போனது. 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை 1994-இல் நமது நாடு எட்டியது. 2007-இல் அந்தக் குடியிருப்பின் ஒரு பகுதியே இடிக்கப்பட்டது. சட்டத்தின் வேலி போய்விட்டது. நமது மனத்தில் இருக்கும் வேலி போகவில்லை. வேடிக்கையைக் கேளுங்கள். தீபாவளிக்கு வாசலில் வைக்கப் பூஞ்செடி வேண்டும் என்றால் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் சுங்கை பூலோ நாற்றுப் பண்ணைகளுக்குத்தான் போகிறார்கள். அந்தத் தொழிலை அங்கே வளர்த்தவர்கள் குணமான நோயாளிகள். அவர்கள் கை வளர்த்த செடி நமது வாசலுக்கு வரலாம். அந்தக் கை மட்டும் வரக்கூடாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1954-இல் வந்த 'ரத்தக்கண்ணீர்' படத்தை அறியாதவர் நம்மில் குறைவு. எம்.ஆர். ராதாவின் நடிப்பை யாரும் மறக்க முடியாது. ஆனால் தாசி வீட்டுக்குப் போனவனுக்குப் பெருவியாதி வந்தது என்று அந்தக் கதை நமது நெஞ்சில் எழுதிவிட்டது. நடிப்பு உயர்ந்தது, வைத்தியம் தவறு. தொழுநோய் ஒழுக்கக்கேட்டால் வருவதல்ல. பத்து வயதுப் பிள்ளைக்கும் வருகிறது. அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது?

நம்மிடையே நடப்பது என்ன? முதுகிலோ கையிலோ வெளிறிய படை ஒன்று தெரியும். அரிப்பு இருக்காது, கிள்ளினாலும் உறைக்காது. "தேமல்தான், களிம்பு போட்டாப் போயிடும்" என்பார்கள். பிறகு மந்திரிப்பார்கள். விபூதி பூசுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பூசிக்கொண்டு கிளினிக்குக்கும் போங்கள் என்றுதான் சொல்கிறோம். ஆனால் போகமாட்டார்கள். "தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமையாது" என்ற பயம். போனவரையும் நாம் விடுவதில்லை. கூட்டு மருந்தில் உள்ள குளோபசிமின் தோலைக் கறுக்க வைக்கும்; மருந்து நின்ற பிறகு நிறம் மெல்ல மெல்லத் திரும்பும். அதற்குள், "என்னண்ணே, இப்படிக் கறுத்துப் போயிட்டீங்க?" என்று சாப்பாட்டுக் கடையில் நாலு பேர் கேட்டால், அவர் மருந்தை நிறுத்திவிடுவார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான். ஆனால் அவரவர் வாயை அவரவர் மூடலாமே!

இனிச் சொல்வது பலருக்குப் பிடிக்காது. இன்று நமது தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஏராளம். "அவங்கதான் நோயைக் கொண்டுவராங்க, திருப்பி அனுப்பு" என்று நம்மவர்களே பேசுகிறார்கள். போமேமா பரிசோதனையில் தொழுநோய் கண்டால் வேலைக்குத் தகுதியில்லை என்று முத்திரை குத்தி ஊருக்கு அனுப்பும் முறை இருக்கிறது. கடன் வாங்கி வந்தவன் அந்தப் பயத்தில் படையைச் சட்டைக்குள் மறைப்பான். ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்திருக்கும்போது மறைத்த நோய்தான் ஆபத்து. மருந்து சாப்பிடும் நோயாளி ஆபத்தல்ல. எனவே முதலில் சிகிச்சை, வேலையைப் பற்றிய பேச்சு பிறகு என்று சங்கம் கேட்க வேண்டும். அவனுக்காக மட்டுமல்ல, நமக்காகவும்தான். நமது பாட்டன்மாரும் கப்பலில் வந்து, முகாமில் அடைக்கப்பட்டு, உடம்பைக் காட்டிய பிறகே தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் என்பதை மறக்கலாமா?

தோழர்களே, உரிமையும் தெரிந்திருக்க வேண்டும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சேவைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் தனியாக உண்டு. வேலையில் பாகுபாடு காட்டினால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்ய 2023 முதல் வழி இருக்கிறது. "வியாதிக்காரன், நின்னுக்கோ" என்று யாராவது சொன்னால், அன்றைக்கே கிளைத் தலைவரிடம் வந்து சொல்லுங்கள்.

உணர்ச்சியற்ற படை, மரத்துப்போன கை கால், ஆறாத வலியில்லாப் புண், இவற்றில் எது தெரிந்தாலும் செமினி அரசாங்க கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள். ஒரே வீட்டில் இருப்பவர்களையும் அழைத்துப் போங்கள். வீட்டில் அண்ணன் தம்பி யாருக்காவது இந்நோய் என்று தெரிந்தால், தட்டைப் பிரித்து வைக்காதீர்கள். மாத்திரை சாப்பிட்டாரா என்று தினமும் கேளுங்கள். அடுத்த திருவிழா அன்னதானத்தில் குணமானவர் ஒருவர் கரண்டி பிடித்து நின்றால், வரிசை மாறிப் போகாமல் அவரிடமே தட்டை நீட்டுங்கள். இது சங்கத்தின் வேண்டுகோள்.