முத்திரைச் சுமை யார் தலையில்?

பிழைப்புத் தேடி வளைகுடா நாட்டுக்குச் சென்ற தொழிலாளி அங்கேயே மாண்டுவிட்டால், அவருடைய சம்பளப் பாக்கியையும் நஷ்டஈட்டையும் பெற மனைவி வாரிசுச் சான்றிதழ் காட்ட வேண்டும். நம் ஊர் தாசில்தார் அதைக் கொடுத்துவிடுவார். ஆனால் கடலுக்கு அப்பாலுள்ள அதிகாரி, "இந்தக் கையெழுத்து மெய்யானதுதானா?" என்று கேட்பார். கேள்வியில் தவறில்லை. அதற்கு விடை சொல்லும் சுமை விதவையின் தலையில் ஏற்றப்படுகிறதே, அதைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

பழைய முறை என்ன? தாசில்தாரின் கையெழுத்துக்கு மாநில சர்க்கார் சாட்சி. மாநில சர்க்காருக்கு மத்திய வெளியுறவு இலாகா சாட்சி. அந்த இலாகாவுக்கு அந்நிய தூதரகம் சாட்சி. தூதரகத்துக்கு அந்நாட்டு வெளியுறவு இலாகா சாட்சி! ஒரு காகிதத்துக்கு நான்கு வாசல். ஒவ்வொரு வாசலிலும் செலவு. வாசலுக்கு வாசல் தரகர்.

இந்தச் சங்கிலியை அறுக்கவே 1961 அக்டோபர் 5 அன்று ஹேக் உடன்படிக்கை உருவாயிற்று. இதன்படி, ஆவணம் பிறந்த நாடு 'அப்போஸ்டில்' என்னும் ஒரே சான்றை வழங்கினால் போதும். உடன்படிக்கையில் சேர்ந்த மற்ற நாடு தூதரக முத்திரை கேட்கக் கூடாது. இந்தியாவில் இது அமலுக்கு வந்தது 2005 ஜூலை 14 அன்றுதான். 44 ஆண்டு தாமதம்!

ஓமனில் 2012லும், பஹ்ரைனில் 2013லும், சவுதி அரேபியாவில் 2022லும் இது அமலாயிற்று. ஆனால் நம் தொழிலாளர் ஏராளமாக உழைக்கும் ஐக்கிய அரபு எமிரேட்டுகளும், குவைத்தும், கத்தாரும் 2024 முடிவுவரை சேரவில்லை. அங்கே செல்லும் காகிதத்துக்குப் பழைய சங்கிலிதான்.

உள்நாட்டிலும் குறை உண்டு. 2019 முதல் சென்னை உட்பட 15 நகரங்களில் வெளியுறவு இலாகாவின் சான்று பெற வழி பிறந்தது நல்லதே. ஆயினும் அதற்கு முன் மாநில சர்க்காரின் சான்று வேண்டும். ராமநாதபுரத்துக் கூலிக்காரர் தலைநகருக்கு நடையாய் நடந்தால், இழந்த நாள் கூலியை யார் கொடுப்பது? வழி தெரியாதவரின் திகைப்பே தரகரின் மூலதனம்.

தோழர்களே, ஒன்றை மனதில் வையுங்கள். அப்போஸ்டில் உறுதி செய்வது கையெழுத்தையும், கையெழுத்திட்டவரின் பதவியையும், முத்திரையையும் மட்டுமே. காகிதத்தில் எழுதியிருப்பது உண்மை என்று அது சொல்லாது. "முத்திரை குத்தியாகிவிட்டது, இனி வேலை நிச்சயம்" என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள்!

நாம் கேட்பது சலுகை அல்ல. தாசில்தார் சர்க்காரின் ஊழியர். அவர் கையெழுத்தை மெய்ப்பிப்பது சர்க்காரின் கடமை. ஆகவே ஜில்லாதோறும் சான்று வழங்கும் அலுவலகம் வேண்டும். மாண்ட தொழிலாளியின் குடும்பத்திடம் ஒரு காசும் வாங்கக் கூடாது. உடன்படிக்கையில் சேராத நாடுகளுடன் மத்திய சர்க்கார் பேச வேண்டும். வெளிநாட்டில் உழைப்பவர் அனுப்பும் பணத்தை வரவேற்கும் சர்க்கார், அவர் குடும்பத்தின் காகிதத்தையும் கவனிக்கட்டும்!