பழைய எஸ்.எல்.ஆர். கேமராவா, தண்ணீர் புகாத சின்ன கேமராவா?

கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்று, ஒன்றிரண்டு மாதங்கள் ஓடிய பின்னர் பலருக்கும் வரும் அடுத்த ஆசை ஒரு நல்ல கேமரா. மொபைல் போனில் எடுத்த படங்களை மானிட்டரில் முதல் முறையாகப் பெரிதாகப் பார்க்கும்போதுதான் இந்த ஆசை பிறக்கிறது. போன் திரையில் பளிச்சென்று இருந்த கல்யாண மண்டபப் படம், 22 அங்குல மானிட்டரில் முகங்களில் மெழுகு பூசியது போலத் தெரிகிறது.

திருநெல்வேலியில் இருக்கும் என் மைத்துனருக்கும் இதுதான் நடந்தது. மகள் படிப்பிற்காகக் கம்ப்யூட்டர் வாங்கினார். இரண்டே மாதத்தில் எனக்குப் போன் வந்தது. "அத்தான், இங்க ஒரு ஸ்டூடியோக்காரர் அவரோட பழைய நிக்கான் டி40 கேமராவை லென்ஸோட தாரேங்காரு. ஆனா 6 மெகாபிக்ஸெல்தான். ஒலிம்பஸ் டஃப் டிஜி-6ன்னு ஒண்ணு பார்த்தேன். 12 மெகாபிக்ஸெல். தண்ணிக்குள்ள முக்கினாலும் ஒண்ணும் ஆகாதாம். எதை வாங்கட்டும்?"

"எஸ்.எல்.ஆரை வாங்குங்க மாப்பிள்ளை, யோசிக்கவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதிலில் பாதிதான் சரி என்று எனக்குப் புரிவதற்கு ஒரு குற்றால சீசன் வர வேண்டியிருந்தது.

சரியான பாதியை முதலில் பார்ப்போம். டி40 கேமரா 2006 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. டிஜி-6 வந்தது 2019ல். நடுவில் 13 ஆண்டுகள். 2006ஆம் ஆண்டு கம்ப்யூட்டர் ஒன்றை இன்று யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க யோசிப்போம். ஆனால் கேமராவில் கணக்கு வேறு. ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரின் அளவு, ஆண்டுகள் போவதால் குறைந்துவிடுவதில்லை. டி40ன் சென்சார் 23.7 மி.மீ. அகலமும் 15.6 மி.மீ. உயரமும் கொண்டது. டிஜி-6ன் சென்சார் ஏறத்தாழ 6.2 மி.மீ.க்கு 4.6 மி.மீ. அதாவது சுண்டு விரல் நகத்தை விடச் சிறியது. பரப்பளவில் பழைய கேமராவின் சென்சார் 13 மடங்கு பெரியது. மழை பெய்யும்போது முற்றத்தில் அண்டாவையும் டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதில் அதிகத் தண்ணீர் சேரும்? ஒளியும் அப்படித்தான். மேலும் அந்தச் சின்ன டம்ளரை 12 மில்லியன் பங்காகவும், அண்டாவை 6 மில்லியன் பங்காகவும் பிரித்திருக்கிறார்கள். எனவே 12 என்ற எண்ணைப் பார்த்து, அது இரண்டு மடங்கு நல்ல கேமரா என்று எண்ண வேண்டாம்.

நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். சின்ன கேமராவின் லென்ஸ் எப்2.0 வரை திறக்கும். டி40 உடன் வரும் 18-55 லென்ஸ் எப்3.5 வரை மட்டுமே திறக்கும். இதனால் சின்ன கேமரா மூன்று மடங்கு அதிக ஒளியை உள்ளே விடுகிறது. புதிய சென்சார்கள் கிடைத்த ஒளியைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும் கற்றுக் கொண்டுவிட்டன. ஆகவே இரண்டுக்கும் உள்ள தூரம் 13 மடங்கு இல்லை, வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் தூரம் இருக்கிறது. டியூப் லைட் வெளிச்சத்தில் ஓடியாடும் குழந்தையைப் படம் எடுத்தால் அது தெரியும். எஸ்.எல்.ஆருக்கு எப்1.8 வரை திறக்கும் 35 மி.மீ. லென்ஸ் ஒன்று 2009ல் வந்தது. அதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி மாட்டினால் அந்த மூன்று மடங்குச் சலுகையும் சின்ன கேமராவின் கையை விட்டுப் போய்விடுகிறது. லென்ஸை மாற்ற முடிவதில் உள்ள லாபம் இதுதான். ஆனால் டி40க்குள் போகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் உள்ள லென்ஸாகப் பார்த்து வாங்காவிட்டால் கையால்தான் போகஸ் செய்ய வேண்டும்.

6 மெகாபிக்ஸெல் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். டி40 தரும் பெரிய படம் 3008க்கு 2000 பிக்ஸெல். நம் வீடுகளில் உள்ள புல் எச்.டி. மானிட்டர் காட்டுவதே 1920க்கு 1080 தான். 12க்கு 8 அங்குலத்தில் பிரிண்ட் போட்டால் அங்குலத்திற்கு 250 பிக்ஸெல் கிடைக்கும். கூடத்தில் மாட்டி வைக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

மைத்துனர் டி40ஐ வாங்கினார். வாங்கிய மறுநாளே, "பின்னால உள்ள திரையில ஒண்ணுமே தெரியல அத்தான், ரிப்பேர் போல" என்று போன். ரிப்பேர் இல்லை. அந்தக் காலத்து எஸ்.எல்.ஆர்.கள் பெரும்பாலானவற்றில் படம் எடுத்த பின்னர்தான் திரையில் தெரியும். எடுக்கும்போது கண்ணை வியூபைண்டரில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். வீடியோவும் எடுக்காது. போனுக்குப் பழகியவர்களுக்கு இது ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்த ஆண்டு மகளின் பள்ளி ஆண்டு விழாவில் மேடை நடனத்தை எடுத்து எனக்கு அனுப்பினார். சுழன்று திரும்பும் நேரத்தில் கண் இமை வரை கூர்மையாக இருந்தது ஒரு படம். பட்டனை அழுத்திய கணத்திலேயே படம் பதிவாகும் வேகம் எஸ்.எல்.ஆரில் உண்டு. எனக்கும் பெருமையாக இருந்தது, நான்தானே வாங்கச் சொன்னேன்.

குற்றாலம் என்று ஒரு போல்டர்

அடுத்த ஆண்டு அவர் வீட்டிற்குப் போனபோது கம்ப்யூட்டரில் படங்களைக் காட்டினார். குற்றாலம் என்று ஒரு போல்டர் இருந்தது. திறந்து பார்த்தேன். கார் நிறுத்தும் இடம். பழக்கடை. தலை துவட்டும் அக்கா. டிபன் பொட்டலம். மறுபடி கார் நிறுத்தும் இடம். ஐந்தருவி தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாக ஒரு படத்தில் இருந்தது. அருவியில் யாரும் இல்லை. ஏனென்றால் அருவியில் எல்லோரும் குளித்துக் கொண்டிருந்தபோது கேமரா பையில் போட்டு, பை காரில் வைத்து, கார் பூட்டப்பட்டிருந்தது. சாரல் பட்டால் கேமரா கெட்டுவிடும் என்று நான்தான் எச்சரித்திருந்தேன்.

நான் சொன்ன பதிலில் தவறான பாதி இதுதான். சென்சார் அளவை எல்லாம் கணக்குப் போட்ட நான், அவர் குடும்பம் ஆண்டுதோறும் எங்கே போய் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று கேட்கவே இல்லை.

அதற்கடுத்த சீசனில் என்னிடம் இருந்த தண்ணீர் புகாத சின்ன கேமராவைக் கொடுத்து அனுப்பினேன். வந்த படங்களில் பாதி மங்கல். காரணம் கேமரா இல்லை. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் கொண்டு, அதே கையால் லென்ஸைத் தொட்டிருக்கிறார்கள். குற்றாலத்திற்குக் கேமராவுடன் போகிறவர்கள் இதைக் குறித்துக் கொள்ளுங்கள். தண்ணீர் போகும், எண்ணெய் போகாது. மீதிப் படங்களிலும் முடி முடியாக விவரம் தெரியவில்லை. ஆனால் ஒரு படத்தில் என் மாமனார் இருந்தார். கேமராவைக் கண்டாலே முகத்தை இறுக்கிக் கொள்பவர், அருவி தலையில் கொட்ட, வாயைத் திறந்து சிரித்துக் கொண்டிருக்கிறார். பேத்தி அவர் கையைப் பிடித்திருக்கிறாள். அடுத்த சீசனில் முழங்கால் ஒத்துழைக்காததால் அவர் அருவிக்கு இறங்கவில்லை. அந்தப் படத்தைத்தான் 12க்கு 8ல் பிரிண்ட் போட்டு மாட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். யாரும் பக்கத்தில் நின்று பார்ப்பதில்லை.

"இப்போது போன்களே தண்ணீர் புகாதவைதானே?" என்று நீங்கள் கேட்கலாம். ஐ.பி.68 என்று போட்ட போன்கள் நல்ல தண்ணீரில் குறிப்பிட்ட ஆழத்தில், குறிப்பிட்ட நேரம் தாங்கும் என்று சோதிக்கப்பட்டவை. கடல் தண்ணீருக்கோ, மேலிருந்து மோதும் அருவிக்கோ அந்தச் சோதனை பொருந்தாது. தண்ணீர் புகுந்து கெட்டால் வாரண்டியும் பொதுவாகக் கிடைக்காது. மேலும் தொடுதிரை ஈரத்தில் தன் விருப்பத்திற்கு வேலை செய்யும். வங்கிக் கணக்கு முதல் காஸ் புக்கிங் வரை எல்லாவற்றையும் வைத்திருக்கும் போனை ஐந்தருவியின் கீழ் நீட்ட எனக்கு மனம் வராது. டிஜி-6 போன்ற கேமரா 15 மீட்டர் ஆழம் வரைக்கும், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கும் என்று செய்யப்பட்டது. அழுத்தும் பட்டன்கள் உண்டு. லென்ஸிலிருந்து ஒரு செ.மீ. தூரத்தில் உள்ள எறும்பையும் போகஸ் செய்யும். இதைப் பள்ளி பிராஜெக்ட் உள்ள வீடுகள் மிகவும் விரும்பும்.

எதைப் பழையதாக வாங்கலாம்?

விலையைப் பார்க்கும் நம்மைப் போன்றவர்கள் ஒரு வித்தியாசத்தைப் புரிந்து கொள்ள வேண்டும். எஸ்.எல்.ஆரைப் பழையதாக வாங்கலாம். தண்ணீர் புகாத கேமராவைப் பழையதாக வாங்கவே கூடாது என்பது என் கருத்து.

எஸ்.எல்.ஆரில் தேய்வது பெரும்பாலும் ஷட்டர். அது எத்தனை முறை இயங்கியது என்று கண்டுபிடிக்க வழி உண்டு. விற்பவரின் கேமராவில் ஒரு படம் எடுத்து, அந்தப் பைலை உங்கள் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்து, எக்ஸிப்டூல் என்ற இலவச சாப்ட்வேரில் திறந்தால், டி40 போன்ற நிக்கான் கேமராக்களில் ஷட்டர் கவுண்ட் என்ற வரியில் எண்ணிக்கை தெரியும். லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போல இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். நம் கடலோர ஊர்களின் ஈரக் காற்றில், மூடிய தோல் பையில் மாதக்கணக்கில் வைத்த லென்ஸில் இது வரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் தப்பலாம். இன்னொன்று, டி40 போன்ற பழைய கேமராக்களில் 32 ஜி.பி. வரையுள்ள எஸ்.டி.எச்.சி. கார்டுதான் வேலை செய்யும். கடைக்காரர் 64 ஜி.பி. கார்டை நீட்டினால் வாங்கிவிடாதீர்கள்.

தண்ணீர் புகாத கேமராவின் கதை வேறு. பேட்டரி மூடியைச் சுற்றியுள்ள மெல்லிய ரப்பர்தான் அதன் உயிர். ரப்பர் காய்ந்து போகும். ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்லி நிறுவனங்களே மேனுவலில் எழுதுகின்றன. குக்கர் காஸ்கெட் கெட்டால் ஆவி சீறிக் காட்டிக் கொடுக்கும். கேமரா காஸ்கெட் கெட்டால், தண்ணீருக்குள் போகும் வரை எந்த அறிகுறியும் இருக்காது. ஒரு முறை கீழே விழுந்திருந்தாலும் சந்தேகம்தான். நான் முதன்முதலில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய இத்தகைய கேமரா ஒன்று, ராமேஸ்வரம் கடலில் முழங்கால் அளவுத் தண்ணீரிலேயே போய்விட்டது. மூடியில் ஒரே ஒரு மணல் பருக்கை ஒட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து மூடியைத் துடைக்காமல் மூடுவதில்லை. கடலில் இருந்து வந்தவுடன் மூடியைத் திறக்காமலே நல்ல தண்ணீரில் சிறிது நேரம் ஊற வைத்து, துடைத்து, நன்றாகக் காய்ந்த பின்னரே கார்டை எடுக்கிறேன்.

ஆகவே ஒரே ஒரு கேமராதான் வாங்க முடியும் என்றால் என்ன செய்வது? சாதாரணப் படங்களைப் போன் எடுத்துவிடுகிறது. வீட்டு விசேஷம், மேடை, கோயில் மண்டபம், ஓடும் குழந்தை என்று போன் தடுமாறும் இடங்களே உங்களுக்கு அதிகம் என்றால், பழைய எஸ்.எல்.ஆர். செலவும் குறைவு, மனமும் நிறையும். பெரும்பாலான வீடுகளுக்கு இதையே சொல்வேன். ஆண்டில் நான்கைந்து முறையாவது குடும்பத்தோடு நனைகிறவர் என்றால், சென்சார் அளவை மறந்துவிட்டுத் தண்ணீர் புகாததைப் புதியதாக வாங்குங்கள். அருவியையும் கடலையும் ஆண்டுக்கு ஒரு முறைதான் பார்ப்பேன் என்பவர், இருப்பவரிடம் கடன் வாங்குங்கள். மைத்துனர் இப்போது அதைத்தான் செய்கிறார்.

இரண்டு கேமராப் படங்களும் ஒரே கம்ப்யூட்டருக்கு வரும் வீடுகளுக்கு மட்டும் ஒன்று. இரண்டின் கடிகாரத்தையும் ஒரே நேரத்திற்கு செட் செய்து விடுங்கள். அப்போதுதான் எடுத்த தேதிப்படி வரிசைப்படுத்தினால் படங்கள் சரியாகக் கலந்து வரும். டி40 கேமராவில் பைல் எண் தொடரும் செட்டிங்கை ஆன் செய்யாவிட்டால், கார்டை பார்மட் செய்யும் ஒவ்வொரு முறையும் எண் 0001 என்றே மீண்டும் தொடங்கும். பழைய போல்டரிலேயே காப்பி செய்தால், அதே பெயரில் பைல் இருக்கிறது, மாற்றவா என்று விண்டோஸ் கேட்கும். ரீப்ளேஸ் என்பதைக் கிளிக் செய்து ஆண்டு விழாப் படங்களில் 30ஐ மைத்துனர் இழந்தார். ஒவ்வொரு முறையும் தேதியைப் பெயராக இட்டுப் புது போல்டர் திறந்து காப்பி செய்யுங்கள்.