முதியவர்களை ஓர் அறையில் அடைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மழையும் பனியும் கலந்த இப்பருவத்தில், கம்மாபுரம் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இருமலும் காய்ச்சலுமாக இருக்கையில், ஓய்வூதியம் பெற உயிரோடிருப்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டுமென்று எழுபதும் எண்பதும் கடந்த வயோதிகர்களை ஓர் அலுவலகத்தின் ஜன்னல் சாத்திய அறைக்குள் காலை முதல் பிற்பகல் வரை நெருக்கி உட்கார வைத்த அக்கிரமத்தைக் கண்டித்தே இக்கடிதத்தை எழுதுகிறேன். இருமியவர்களுக்கு ஒரு முகக்கவசம் கொடுப்பாரில்லை. வெளியே வேப்பமர நிழல் விசாலமாக இருந்தும் அங்கே நாலு நாற்காலி போடுவாரில்லை. கேட்டதற்கு, "கொரோனாதான் போய்விட்டதே ஐயா" என்றார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் தேதி அவசரநிலை நீங்கியதாக அறிவித்தது மெய்யே. கிருமி ஒழிந்ததென்று அது ஒருபோதும் சொல்லவில்லை. அக்கிருமி எவ்வளவு வேகமாக வந்து சேரும் என்பதைக் கடலூர் ஜில்லாவாசிகளாகிய நமக்குப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. 2020 மே மாதத் துவக்கத்தில் சென்னை கோயம்பேடு சந்தையில் கூலிவேலை செய்து பிழைத்த நம்மவர்கள் ஊர் திரும்பியபோது, விரல்விட்டு எண்ணக்கூடியதாக இருந்த தொற்றாளர் தொகை சில நாட்களுக்குள் பல நூறாகிவிட்டதைக் கண்ணாரக் கண்டவர்கள் நாம்.

அக்காலத்தில் அரசு தினந்தோறும் வெளியிட்ட மரணப் பட்டியலில், இறந்தவரின் வயதோடு அவருக்கிருந்த சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் குறிக்கப்பட்டிருக்கும். மருத்துவர்களுக்கு அவசியமான அந்தக் குறிப்பைப் படித்த நாமோ, "பெரியவர்தானே, ஏற்கெனவே நோயாளிதானே" என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் ஆயுளெல்லாம் தூசியைச் சுவாசித்து உழைத்த ஒரு மனிதர், சர்க்கரைக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டேனும் இன்னும் பத்து வருஷம் பேரப் பிள்ளைகளோடு வாழ்ந்திருக்கக் கூடுமே! தடுத்திருக்கக்கூடிய மரணத்தை மூப்பின் கணக்கில் எழுதிவிடுவது பெரும் அநியாயம். அந்த மனோபாவம் இன்னும் மாறவில்லை என்பதற்கு மேற்சொன்ன அறையே சாட்சி.

மகாமாரி என்பது நூறு வருஷத்துக்கொரு முறை நேரும் அபூர்வம் என்று நினைப்பதும் தவறு. நெய்வேலியில் பண்டித நேரு சுரங்கப் பணியைத் துவக்கி வைத்த அதே 1957 மே மாதத்தில்தான், கப்பல் மார்க்கமாகச் சென்னைக்கு வந்திறங்கிய ஆசிய இன்புளூயன்சா, மறுவருஷம் பிப்ரவரிக்குள் இத்தேசத்தில் 40 லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்தது. பிறகு 1968இல் ஹாங்காங் காய்ச்சல், 2009இல் பன்றிக் காய்ச்சல், 2020இல் கொரோனா. இன்று எண்பது பிராயத்தில் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் தம் ஆயுளில் நான்கு மகாமாரிகளைக் கடந்து வந்தவர்கள். ஐந்தாவது வரும்போதும் அவர்களை இப்படித்தான் நடத்தப் போகிறோமா?

பரிகாரம் இல்லாமலுமில்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் ஓய்வூதியர்களின் வருடாந்தர நேர்காணலையே தமிழக அரசு தவிர்த்தது. அதனால் கஜானா ஒன்றும் திவாலாகிவிடவில்லை. தபால்காரர் வீடு தேடி வந்து ஆயுள் சான்று பதிவு செய்யும் ஏற்பாடு 2020 நவம்பர் முதலே மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு உண்டு. கைபேசியில் முகத்தைக் காட்டினாலே போதும் என்ற வசதியும் மறுவருஷமே வந்துவிட்டது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இவ்வளவும் இருக்க, நடக்க முடியாத கிழவியை ஆட்டோவில் ஏற்றி வரச் சொல்வது என்ன நியாயம்?

உத்தியோகஸ்தர்களை மாத்திரம் குறை சொல்லி நாம் தப்பிவிடவும் முடியாது. சென்னையிலிருந்து ஜலதோஷத்தோடு வரும் பிள்ளைகள் நேரே பாட்டியின் கட்டிலில் போய் உட்காருவதையும், காய்ச்சலோடு கல்யாணப் பந்தியில் பெரியவர்களுக்குப் பக்கத்தில் அமர்வதையும் நாம்தான் நிறுத்த வேண்டும்.

ஆகவே, அடுத்த ஆயுள் சான்று முகாமுக்குள், வெளியே வர இயலாத முதியோரின் பெயர்களை ஊர்தோறும் சேகரித்து அவர்கள் வீட்டுக்கே ஆள் அனுப்பவும், வரக்கூடியவர்களைத் திறந்த வெளியில் நேரம் குறித்து அழைக்கவும், அறுபது கடந்தவர்களுக்கு இன்புளூயன்சா தடுப்பூசியை ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடவும் மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டுமென்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கம்மாபுரம்.