கழிவுநீரில் மின்சாரம்: பாலாற்றுக்கு உதவுமா?

சாக்கடைத் தண்ணீரில் விளக்கு எரியும் என்றால் நம் ஊர்ப் பெரியவர்கள் சிரிப்பார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பியிலேயே தங்கவயலுக்கு மின்சாரம் வரப்போகிறது என்றபோதும் சிலர் சிரித்திருப்பார்கள்.

விஷயம் புதிதல்ல. நுண்ணுயிர்களிலிருந்து மின்சாரம் கிடைப்பதை 1911லேயே இங்கிலாந்தில் பாட்டர் என்ற பேராசிரியர் காட்டிவிட்டார். காற்றுப் புகாத தொட்டியில் கழிவுநீரை விட்டால் அதிலுள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் தின்னும். அப்போது வெளிப்படும் எலெக்ட்ரான்களை ஒரு கரித் தகடு வாங்கிக்கொள்ளும். அவை கம்பி வழியே, காற்றுப் படும் இன்னொரு தகட்டுக்கு ஓடும். அந்த ஓட்டமே மின்சாரம். ஆஸ்திரேலியாவில் யாட்டாலாவிலுள்ள பீர் ஆலையில் 2007இல் இதைப் பரீட்சித்தனர். நம் நாட்டில் காரக்பூர் ஐ.ஐ.டி.யிலும் ஐதராபாத்திலும் ஆராய்ச்சி நடக்கிறது.

ஆனால் ஒரு கலத்தில் கிடைப்பது அரை வோல்ட் அளவுதான். இதை வைத்து ஊருக்கு விளக்குப் போடலாம் என்று யாராவது மேடையில் பேசினால் நம்பாதீர்கள்!

லாபம் வேறிடத்தில் இருக்கிறது. எங்கள் பேத்தமங்களா ஏரியைத் தாண்டும் பாலாறு, ஆந்திரம் வழியாக வாணியம்பாடி, ஆம்பூர் போய்ச் சேர்கிறது. தங்கவயல் தமிழரில் பலருக்குப் பூர்வீகம் அந்தச் சீமைதான். என் அத்தை வாணியம்பாடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. குடிக்கக் குடம் தண்ணீர் விலைக்கு வாங்குகிறார். தோல் ஷாப்புகளின் கழிவு பற்றி 1996லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்றது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இருக்கின்றன. இருந்தும் கிணறு தெளியவில்லை.

இத்தகைய நிலையங்களில் மின்சாரச் செலவின் பெரும்பங்கு, நுண்ணுயிர்களுக்குக் காற்று ஊதும் யந்திரத்துக்கே போகிறது. கரண்ட் பில்லுக்குப் பயந்தால் முதலில் நிறுத்தத் தோன்றுவதும் அதைத்தான். புது முறையில் கழிவுத் தொட்டிக்குள் காற்று ஊத வேண்டியதில்லை; சேறும் குறைவு. சுத்தம் செய்ய முதலாளி சொல்லும் சாக்கு ஒன்று குறையும். எனக்கு அதுவே பெரிதாகத் தெரிகிறது.

குறையையும் சொல்லிவிட வேண்டும். தோல் கழிவிலுள்ள உப்பை இந்த நுண்ணுயிர்கள் தின்னாது. உப்பு மிஞ்சினால் அத்தையின் பருப்பு அப்போதும் வேகாது. ஆகவே உப்பை நீக்கும் யந்திரத்தைக் கைவிட இது காரணமாகக் கூடாது.

டிக்கெட் கிழிக்கும் குமாஸ்தாவுக்கு விஞ்ஞானம் எதற்கு என்று கேட்கலாம். ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரே ஒரு பொது நிலையத்தில், ஒரு தொட்டியில் மட்டும், ஒரு வருஷம் இதை ஓட்டிப் பார்க்கட்டும். எவ்வளவு அழுக்கு குறைந்தது, எவ்வளவு கரண்ட் மிச்சமானது என்ற கணக்கை மாதாமாதம் நிலையத்தின் வாசலிலேயே தமிழில் எழுதி ஒட்டட்டும்.