கஸ்தூரி மஞ்சள்: நிறத்தை நம்பலாமா, தரத்தை நம்பலாமா?

சென்னை மயிலாப்பூர் மாடவீதிகளிலும் தியாகராய நகர்க் கடைவீதிகளிலும் உள்ள நாட்டு மருந்துக் கடைகளில் கஸ்தூரி மஞ்சள், அதிமதுரம், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர் ஆகியவற்றுக்கு நல்ல கிராக்கி உண்டு. நகர மக்கள் குளியல் பொடிக்கும் முகப்பூச்சுக்கும் இவற்றை விரும்பி வாங்குகின்றனர். இதைக் காட்டி, "மேனியை வெளுக்கச் செய்யும் மூலிகை, ஏக்கருக்கு இலட்சக்கணக்கில் வருமானம்" என்று கூறி விதைக்கிழங்கு விற்க வருவோரிடம் சிறு விவசாயிகள் எச்சரிக்கையாக இருத்தல் அவசியம்.

நறுக்கிய வாழைப்பூ கறுக்காமலிருக்க வீடுகளில் மோரில் போடுவது வழக்கம். காய்கள் கறுப்பதற்குக் காரணம் தாமிரம் கலந்த ஒரு வகை நொதி. மோரின் புளிப்பு அதன் வேகத்தைத் தணிக்கிறது. மனிதத் தோலில் 'மெலனின்' என்னும் கருநிறப் பொருள் உண்டாவதும் அதே இனத்தைச் சேர்ந்த 'டைரோசினேஸ்' நொதியால்தான். அதிமதுர வேரிலுள்ள கிளாப்ரிடின், மல்பெரித் தண்டிலுள்ள ஆக்சிரெஸ்வெராட்ரால் போன்ற பொருள்கள் இந்த நொதியை அடக்குகின்றன. இவற்றைப் பிரித்தெடுத்து, அளவறிந்து களிம்பில் சேர்த்தால் மங்கு போன்ற கரும்படை ஓரளவு குறையலாம். பிறவி நிறம் மாறாது. வெயிலில் பாடுபடுவோருக்கு அந்தக் கருநிறமே புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் குடை. அதைக் குறையாக எண்ணிப் பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்த களிம்புகளைப் பூசுவது ஆபத்து. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்யும்.

இனி விவசாயியின் கணக்கைப் பார்ப்போம். அதிமதுரம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. தமிழ்நாட்டில் அதைப் பயிரிட்டுப் பணம் பார்க்கலாம் என்பது வீண் ஆசை. கஸ்தூரி மஞ்சள் நம் மண்ணில் நன்கு வளரும். தென்னந்தோப்பின் அரைநிழலில் ஊடுபயிராகவும் வரும். ஆனால் வேறு மஞ்சள் இனக் கிழங்குகளும் இதே பெயரில் சந்தைக்கு வருவதுதான் பெரும் கேடு.

அசல் கஸ்தூரி மஞ்சளை அறிவது கடினமன்று. கிழங்கை வெட்டினால் உட்புறம் வெளிர் நிறமாக இருக்கும். கற்பூர வாசனை வீசும். இலையின் அடிப்புறம் மெல்லிய ரோமத்துடன் மெத்தென்றிருக்கும். கறி மஞ்சளைப்போலத் தோலில் மஞ்சள் கறை ஒட்டாது. உட்புறம் ஆழ்ந்த மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் அந்த விதையை வாங்கக் கூடாது.

வாங்குபவர் யார் என்று தெரியாமல் முழு ஏக்கரிலும் நடவேண்டாம். முதலாண்டு ஐந்து, பத்து சென்டில் மட்டும் நட்டுப் பார்க்கலாம். "நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம்" என்ற வாய்ப்பேச்சை ஏற்காமல், விலையும் அளவும் எழுத்தில் பெறவேண்டும். இனத்தில் ஐயமிருந்தால் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் செடியைக் காட்டிக் கேட்கலாம். அறுவடை செய்த கிழங்கைக் கழுவி, சீவல்களாக்கி, நிழலில் உலர்த்தினால் வாசனை காக்கப்படும். பத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து மயிலாப்பூர்க் கடைகளுக்கும், 1944-இல் தொடங்கப்பெற்ற இம்ப்காப்ஸ் போன்ற கூட்டுறவு மருந்து நிறுவனங்களுக்கும் மாதிரி காட்டி விலை பேசலாம். முகப்பூச்சாகத் தயாரித்து விற்பதானால் அரசு உரிமம் தேவை என்பதையும் மறக்கலாகாது.

"வெள்ளையாக்கும்" என்று சொல்லி விற்பது ஒரு முறை விற்கும். "அசல் கிழங்கு, நல்ல வாசனை" என்று சொல்லி விற்பது ஆண்டுதோறும் விற்கும். விவசாயி நம்பவேண்டியது இரண்டாவது வழியைத்தான்.